காண்டஸா ஒரு மஸில் காரா? (நீண்ட இழை, பொறுமையா படிங்க)

1/
ஒரு கேள்வி. ஹிந்துஸ்தான் காண்டஸா மஸில் காரா, இல்லையா?

டாக்டர் எதுக்கு கார் பத்தி எழுதறார்னு நினைக்காதீங்க. இந்த இழை காண்டஸாவோட பானெட்ல ஆரம்பிச்சு, உங்க அப்பாவோட கால் சுண்டுவிரல்ல போய் முடியும். நடுவுல நான் செஞ்ச ஒரு தப்பும் வருது. அதுக்காகத்தான் எழுதறேன்.

2/
எனக்கு ஓமலூர்ல கிளினிக். பொது மருத்துவம், சாயங்காலம் ஓபி. என்கிட்ட ரொம்ப வருஷமா வர்ற பெரியவர் ஒருத்தர். வயசு 71. லாரி பட்டறையில ஹெட் மெக்கானிக்கா இருந்தவர். சர்க்கரை வந்து 18 வருஷம் ஆச்சு. மாத்திரையை விட மாட்டார், மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம வந்துடுவார்.

(அவரோட அனுமதி வாங்கித்தான் எழுதறேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
அவர் வர்றதே ஒரு காட்சி. வாசல்ல ஒரு கறுப்பு காண்டஸா வந்து நிக்கும். 1.8 இசுசு பெட்ரோல் என்ஜின், பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. 90-கள்ல செகண்ட் ஹேண்டா வாங்கி, நட்டு போல்ட்டு வரைக்கும் தன் கையாலயே பார்த்துக்கிட்டது. வெயிட்டிங்ல உக்காந்திருக்கிற பசங்க எல்லாம் எந்திரிச்சுப் போய் அதுகூட செல்ஃபி எடுப்பாங்க. பெரியவர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டு இருப்பார்.

4/
போன வருஷம் ஒரு நாள் பேரனும் கூட வந்திருந்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். நான் பி.பி. பார்த்துக்கிட்டே சும்மா இருக்காம, "என்னய்யா, உங்க மஸில் கார் எப்படி ஓடுது?"ன்னு கேட்டுட்டேன்.

பேரன் சிரிச்சுட்டான். "டாக்டர், நீங்களுமா? அது மஸில் காரே இல்ல. 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' முதல் படத்துல கறுப்பா ஒரு 1970 டாட்ஜ் சார்ஜர் வருமே, அதுதான் மஸில் கார். வி8 இல்லாம என்ன மஸில்?"

5/
பெரியவருக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "ஏன்டா, இது சேலம் ரோட்ல போறப்ப எத்தனை வண்டி ஒதுங்கி வழி விட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ அப்பப் பொறக்கவே இல்ல. டாக்டர், நீங்க சொல்லுங்க."

எனக்கும் கார் கிறுக்கு உண்டு. வெளியில பன்னெண்டு பேர் காத்திருக்காங்க. நான் ஸ்டெத்தைக் கழட்டி மேசையில வச்சுட்டு வாதத்துல எறங்கிட்டேன்.

6/
நான் சொன்னது இதுதான். மஸில் கார்ங்கிறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிற ஆரம்பப் புள்ளின்னா 1964-ம் வருஷ போன்டியாக் ஜிடிஓ. ஜெனரல் மோட்டார்ஸ்ல அப்ப ஒரு விதி இருந்துச்சு: நடுத்தர சைஸ் கார்ல இவ்வளவுக்கு மேல பெரிய என்ஜின் வைக்கக் கூடாதுன்னு. போன்டியாக்ல ஜான் டிலோரியன் குழு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. தனி மாடலா விக்காம, டெம்பஸ்ட் காருக்கு 'ஆப்ஷன்'னு சொல்லி 6.4 லிட்டர் வி8-ஐ உள்ள வச்சுட்டாங்க.

7/
ஆப்ஷனுக்குக் கூடுதல் விலை சுமார் 300 டாலர். கிடைச்சது 325 குதிரைத்திறன். முதல் வருஷமே 32 ஆயிரத்துக்கு மேல வித்துச்சு.

மஸில் கார் இலக்கணம் இதுலதான் பொறந்துச்சு. நடுத்தர சைஸ் உடம்பு, ரெண்டு கதவு, பெரிய வி8, பின் சக்கரத்துக்கு சக்தி, சாதாரண சம்பளக்காரன் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலை. கடைசி நிபந்தனை முக்கியம். ஃபெராரிக்கு சக்தி உண்டு. ஆனா அதை யாரும் மஸில் கார்னு சொல்றதில்ல.

8/
இதுலயே அமெரிக்காக்காரங்களுக்குள்ள சண்டை ஓயல. ஒரு கோஷ்டி, 1949 ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88-தான் முதல்னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, ஃபோர்டு மஸ்டாங்கைச் சேர்க்கவே கூடாது, அது 'போனி கார்', குட்டிக்குதிரைன்னு சொல்லும். அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. 1964 ஏப்ரல்ல வந்த மஸ்டாங்கோட அடிப்படை மாடல்ல ஆறு சிலிண்டர்தான், 101 குதிரைத்திறன்தான். பேரு மட்டும் காட்டுக்குதிரை.

9/
சரி, நம்ம காண்டஸா? இங்கிலாந்துல வாக்ஸ்ஹால் கம்பெனி 70-கள்ல வித்த விஎக்ஸ் காரோட உடம்பு இது. அங்க அதை நிறுத்தின பிறகு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதோட அச்சுகளை வாங்கி, கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல 1984 வாக்குல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. உடம்பு ஜம்முன்னு இருந்துச்சு. உள்ள வச்சது? அம்பாஸடர்ல இருந்த அதே 1489 சிசி என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன்.

10/
பயில்வான் மாதிரி உடம்பு, உள்ள சவலைப்பிள்ளை. இதை நான் சொன்னதும் பேரன் மேசையைத் தட்டினான். பெரியவர், "அது பழசு டாக்டர். நம்மளது இசுசு"ன்னார்.

அதுவும் உண்மைதான். பின்னால ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் என்ஜின் வந்துச்சு. 88 குதிரைத்திறன், அஞ்சு கியர். அன்னைக்கு நம்ம ரோட்ல அது பெரிய விஷயம். அம்பாஸடரும் பத்மினியும் மூச்சு வாங்குற மேட்டுல இது டாப்ல ஏறும்.

11/
காண்டஸா மட்டும் இல்ல. சென்னையில 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு கார் செஞ்சாங்க. இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1 உடம்பு. அங்க அந்தக் காருக்கு 3.5 லிட்டர் வி8 உண்டு. இங்க அதுக்குள்ள பழைய 2 லிட்டர் நாலு சிலிண்டர் என்ஜினை வச்சு வித்தாங்க. சில வருஷத்துலயே கடை மூடியாச்சு. தோலைப் பார்த்து வாங்கினவங்க சதையைத் தேடி ஏமாந்த கதை.

12/
பெரியவர் விடல. "அப்ப ஏன் டாக்டர் பார்க்கிறவன் எல்லாம் மஸில் கார்ங்கறான்?"

நல்ல கேள்வி. அதுக்கும் பதில் இருக்கு. வாக்ஸ்ஹால் 1925-லயே ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போன கம்பெனி. போன்டியாக்கும் அதே குடும்பம். நீள பானெட், அகல மூஞ்சி, பின்பக்கம் ஏறி எறங்குற இடுப்புக் கோடு, எல்லாம் டெட்ராய்ட் சாயல். காண்டஸாவும் ஜிடிஓவும் ஒரு வகையில பங்காளி முறை. ஜாடை இருக்கு, சொத்துல பங்கு வரல.

13/
இந்த இடத்துல நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன்னு போட்டா ஜாடை கீடையெல்லாம் எடுபடாது.

ஜிடிஓ (சுமார் 1600 கிலோ): 200 சுற்று.
காண்டஸா பழைய என்ஜின் (சுமார் 1200 கிலோ): 42.
காண்டஸா இசுசு: 73.
இன்னைக்கு ரோட்ல ஓடுற 1.2 லிட்டர் சின்ன பெட்ரோல் கார்: 90 சுற்று.
நம்ம ஆர்எக்ஸ் 100 (11 குதிரைத்திறன், 100 கிலோ சொச்சம்): 105-க்கு மேல!

14/
பேரன், "அப்ப ஆர்எக்ஸ் 100-தான் தாத்தா மஸில்"னு சிரிச்சான். "அதுல நீ ஏறி உக்காரு, உன் 70 கிலோவையும் சேர்த்து வகுத்துப் பாரு, 64-தான் வரும்"னேன். ஓட்டுறவனையும் சேர்த்துதான் வண்டி. இதை நான் ஜோக்காத்தான் சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு அதே வாக்கியம் என் மேலயே திரும்பி வந்துச்சு.

15/
ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், பின்னால தேவைப்படும். அமெரிக்காவுல மஸில் காருக்கு நடைமுறையில முதல்ல கோடு போட்டது ரசிகர்கள் இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க. 60-கள் கடைசியில, எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, ஒரு அளவுக்கு மேல போனா கூடுதல் பிரீமியம்னு போட்டாங்க. இளவட்டப் பசங்களுக்கு கார் கடனை விட இன்சூரன்ஸ் கனமாச்சு. 1970-ல காற்று மாசுச் சட்டம், 1973-ல பெட்ரோல் நெருக்கடி. அதோட அந்தக் காலம் முடிஞ்சது.

16/
நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. 1972 மாடல்கள்ல இருந்து குதிரைத்திறனை அளக்கிற முறையையே மாத்தினாங்க. அதுவரைக்கும் என்ஜினை வெளியில எடுத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாம அளந்தாங்க. புது முறையில அதெல்லாம் மாட்டி, வண்டியில இருக்கிற மாதிரியே அளந்தாங்க. பெரிசா மாறாத என்ஜினுக்கும் காகிதத்துல சக்தி திடீர்னு குறைஞ்சிடுச்சு.

17/
டாக்டர்களுக்கு இது புதுசு இல்ல. 1997 வரைக்கும் வெறும் வயித்துல சர்க்கரை 140 இருந்தாத்தான் நீரிழிவு. அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கோட்டை 126-க்கு எறக்குச்சு. 130 இருந்தவர் ராத்திரி ஆரோக்கியமா படுத்து, காலையில நோயாளியா எந்திரிச்சார். அவர் உடம்புல எதுவும் மாறல. கோடுதான் மாறுச்சு. ஆனா கோட்டை எறக்கினதால கண்ணும் கிட்னியும் தப்பிச்சவங்க உண்டு. கோடு போடுறது வெட்டி வேலை இல்ல. அதை வச்சு என்ன முடிவு எடுக்கிறோம்ங்கிறதுதான் விஷயம்.

18/
தசைக்கும் இதே கதைதான். வயசானா சதை கரையும்னு எல்லாருக்கும் தெரியும். 1989-ல ரோசன்பர்க்னு ஒரு மருத்துவர் அதுக்கு 'சார்கோபீனியா'ன்னு பேர் வச்சார். கிரேக்கச் சொல், நம்ம ஊர்ல சதைப் பஞ்சம்னு சொல்லலாம். முதல்ல தசை எவ்வளவு இருக்குன்னு அளந்துதான் நோயைத் தீர்மானிச்சாங்க. அப்புறம் புரிஞ்சுது: சதை இருந்தும் பலம் இல்லாதவங்க உண்டு. ஒல்லியா இருந்தும் கடப்பாரையைத் தூக்கிறவங்க உண்டு.

19/
அதனால இப்ப பலத்தைத்தான் முதல்ல அளக்கிறோம். ஆசிய நாடுகளுக்கான நிபுணர் குழு 2019-ல போட்ட கோடு: கைப்பிடி பலம் ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ இருந்தா குறைவு. கையை ஊனாம நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்கார 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனாலும் குறைவு.

காண்டஸா பிரச்சனைக்கு மருத்துவம் எப்பவோ தீர்ப்பு சொல்லிடுச்சு பாருங்க. உடம்பைப் பார்க்காதே, பலத்தை அள.

20/
இந்த உவமை எனக்கே ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உடனே டிராயர்ல இருந்து கைப்பிடி பலம் பார்க்கிற டைனமோமீட்டரை எடுத்தேன். "ஐயா, வண்டியை விடுங்க. ஓட்டுறவர் மஸிலைப் பார்ப்போம்"னு அவர் கையில குடுத்தேன். எல்லாரும் சிரிச்சோம். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை. 35 தாண்டும்னு நினைச்சேன்.

22 கிலோ.

இன்னொரு தடவை. 21.

21/
சிரிப்பு நின்னுபோச்சு. நாற்காலியில அஞ்சு தடவை எந்திரிக்கச் சொன்னேன். மூணாவது தடவையே கை தானா மேசையைத் தேடுச்சு. கையை ஊனாம முடிக்க 17 செகண்ட்.

பெரியவர் என் மூஞ்சியைப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், இவ்வளவு நேரம் வண்டிக்கு மஸில் இல்லேன்னீங்க. இப்ப எனக்கும் இல்லேங்கறீங்களா?"

22/
அப்பத்தான் பேரன் மெதுவா வாயைத் திறந்தான். "டாக்டர், ஒண்ணு சொல்லணும். போன மாசம் தர்மபுரி அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். தாத்தாதான் ஓட்டினார். தொப்பூர் கணவாய் எறக்கத்துல முன்னாடி ஒரு லாரி திடீர்னு ஸ்லோ பண்ணிடுச்சு. தாத்தா பிரேக் மிதிச்சார். ஆனா வண்டி உறுமுச்சு. காலு ஆக்சிலரேட்டர் ஓரத்துலயும் சேர்ந்து பட்டிருந்துச்சு. எப்படியோ சுதாரிச்சு நிறுத்திட்டார்."

23/
பெரியவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "சத்தம் கேட்டுச்சு டாக்டர். அதுல தெரிஞ்சுக்கிட்டேன்."

இதை எழுதறப்பவும் எனக்குச் சிலிர்க்குது. காலுக்குத் தெரியல. காதுக்குத் தெரிஞ்சுது. நாற்பது வருஷம் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன மனுஷன், பிரேக்கை மிதிக்கிறோமா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோமான்னு காதை வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கார்.

24/
"செருப்பு கால்ல இருந்து கழண்டா தெரியுதுங்களா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு மூணு தடவை தெரியலீங்க. கோயில்ல இருந்து ஒத்தைச் செருப்போட வந்திருக்கேன். வயசாச்சு, மறதின்னு நினைச்சேன்."

கட்டில்ல படுக்க வச்சுப் பாதத்தைப் பார்த்தேன். 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒரு மெல்லிசு நைலான் இழை. அதைப் பாதத்துல லேசா வளையிற வரைக்கும் அழுத்தினா சாதாரணமா தெரியணும். ரெண்டு பாதத்துலயும் முன்பக்கம் எங்கயுமே தெரியல. 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைக் கட்டைவிரல்ல வச்சேன். அதிர்வும் தெரியல.

25/
வலது பாதத்துக்கு அடியில, கட்டைவிரல் பக்கம், ஒரு சின்னக் காய்ப்பு. நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. ரத்தம் கட்டியிருந்துச்சு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா புண்ணாகியிருக்கும். அந்தப் புண்ணு எங்க போய் முடியும்னு சர்க்கரை நோயாளி இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

26/
இப்ப என் தப்பு.

அந்தச் சம்பவத்துக்கு மூணு வருஷம் முன்னாடி, அவர் லைசென்ஸ் புதுப்பிக்க ஃபார்ம் 1ஏ கொண்டு வந்தார். 40 வயசு தாண்டினவங்களுக்கு வேணும்ங்கிற மருத்துவச் சான்று. கண் பார்த்தேன். காது பார்த்தேன். கை கால்ல ஊனம் எதுவும் இல்ல. கையெழுத்துப் போட்டேன். சீல் வச்சேன். செருப்பைக் கழட்டச் சொல்லல.

27/
பாதத்துல மோனோஃபிலமென்ட் வச்சுப் பார்த்தியான்னு அந்தப் படிவம் கேக்காது. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியல. அவருக்கு 15 வருஷமா சர்க்கரைன்னு தெரிஞ்சவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவை பாதத்தைப் பார்க்கணும்னு படிச்சவனும் நான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தவர்கிட்ட சர்க்கரை அளவைப் பார்த்தேன், மாத்திரையை மாத்தினேன், காண்டஸா பத்தி அரட்டை அடிச்சேன். காலை மட்டும் பார்க்கல.

28/
80 கிலோமீட்டர் வேகத்துல போற கார் ஒரு செகண்ட்ல 22 மீட்டர் போகும். சரியான பெடல்ல கால் இருக்கான்னு தெரிஞ்சுக்க அரை செகண்ட் தாமதமானா, அதுக்குள்ள 11 மீட்டர் போயிருக்கும். தொப்பூர் எறக்கம் பத்தி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு எறங்குற லாரி பின்னாடி வர்ற ரோடு அது.

29/
"ஐயா, இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாதுங்க"ன்னு சொன்னேன். வார்த்தையை மெதுவாக்கிப் பார்த்தேன். ஆனா அதுக்கு மென்மையான வடிவம் எதுவும் இல்ல.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இது பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிங்க. நின்ன எடத்துல திருப்பணும்னா தோள்பட்டை வேணும். கிளட்ச் அமுக்க தொடை வேணும். இதுக்கு மஸில் கார்னு பேரு வந்தது எஞ்சின்ல இல்லீங்க டாக்டர், ஓட்டுறவன் கையில"ன்னார்.

அவ்வளவு நேரம் நான் பேசின அத்தனை புள்ளிவிவரத்தை விட அது சரியான விளக்கம்னு எனக்குப் பட்டுச்சு. பட்டும் சாவியைத் திருப்பிக் குடுக்க முடியல.

30/
சாவியை அவர் மேசையில வைக்கல. சட்டைப் பையிலதான் வச்சுக்கிட்டார். வெளியில போய் டிரைவர் சீட் கதவைத் திறந்தார். ஒரு நிமிஷம் நின்னார். அப்புறம் பேரனைப் பார்த்து, "கிளட்சை முழுசா மிதிச்சுப் போடுடா, கியர் நறநறங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு, சுத்தி வந்து இடது பக்கம் உக்காந்தார். பன்னெண்டு பேரும் அதைப் பார்த்தாங்க. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

31/
சிகிச்சை பெரிய ரகசியம் எதுவும் இல்ல. காய்ப்பைச் சரி பண்ணி, மெத்துன்னு உள்ள செருப்பு. நரம்பு மரத்துப்போக பி12 குறைவும் காரணமா இருக்கலாம், மெட்ஃபார்மின் ரொம்ப நாள் எடுத்தா அது குறையும், அதனால அதையும் பார்த்தோம். கிட்னி நல்லா இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு புரதத்தைக் கூட்டினோம். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும். 60 கிலோ ஆளுக்கு 60-72 கிராம். காலையில ரெண்டு இட்லி, மதியம் சோறு ரசம், ராத்திரி ரெண்டு தோசைன்னா அதுல பாதி கூட வராது.

32/
முட்டை, தயிர், கொள்ளு, பாசிப்பயறு, நம்ம ஊர்க் கடலைக்காய் ஒரு கைப்பிடி, வாரத்துல ரெண்டு நாள் மீன். கூடவே உடற்பயிற்சி. நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, ஈரத்துண்டு பிழியறது, பக்கத்துல ஆள் நிக்க சுவத்தைப் பிடிச்சு குதிகால் தூக்குறது. நடக்கிறது மட்டும் போதாதுங்க. நடந்தா இதயத்துக்கு நல்லது. தசை வளரணும்னா அதுக்குப் பாரம் குடுக்கணும்.

33/
நாலு மாசம் கழிச்சு வந்தார். கைப்பிடி 25 கிலோ. நாற்காலி 13 செகண்ட். கோட்டைத் தாண்டல, பக்கத்துல வந்துட்டார். ஆள் நிமிர்ந்து நடக்கிறார்.

பாதத்துல இழையை வச்சேன். அன்னைக்கு மாதிரியேதான், தெரியல. தசை திரும்ப வரும். செத்த நரம்பு அவ்வளவு சுலபத்துல திரும்பாது. "இப்பவாச்சும் டவுனுக்குள்ள மட்டும்…"ன்னு ஆரம்பிச்சார். தலையை ஆட்டினேன். "சரிங்க"ன்னார். மறுபடி கேக்கல. கிளினிக் விட்டு வீட்டுக்குப் போற வழி முழுக்க அந்த "சரிங்க" என் காதுல இருந்துச்சு.

34/
இப்ப அந்தக் காண்டஸாவைப் பேரன்தான் ஓட்டறான். ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நிப்பாங்களாம். தாத்தா கண்ணை மூடிக்கிட்டு என்ஜின் சத்தத்தைக் கேட்டு, டாப்பெட் சத்தம் எந்த சிலிண்டர்ல இருந்து வருதுன்னு சொல்வாராம். பையன் திறந்து பார்த்தா அங்கேயேதான் இருக்குமாம்.

35/
அப்ப பதில்? காண்டஸா மஸில் காரா?

வரலாற்றுப் பரீட்சைன்னா: இல்ல. நாலு கதவு, நாலு சிலிண்டர், எடைக்கேத்த பலம் இல்ல. ஜாடை மட்டும் உண்டு. மார்க் போட மாட்டேன்.
கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க வாடகைக்கு எடுக்கிறீங்கன்னா: தாராளமா மஸில் கார்னு போட்டுக்கங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல.
ஆனா ஒருத்தர் அதை ஓட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்னா, காரை அளந்து பிரயோஜனம் இல்ல. ஓட்டுறவர் காலை அளக்கணும்.

36/
இப்ப உங்களுக்கு ஒரு வேலை. வீட்ல சர்க்கரை உள்ளவங்க இருந்தா இன்னைக்கு ராத்திரியே பண்ணுங்க. ரெண்டு நிமிஷம் ஆகும், கருவி வேண்டாம். இதுக்கு 'இப்ஸ்விச் தொடு சோதனை'ன்னு பேர்.

அவங்களைப் படுக்க வச்சு, கண்ணை மூடச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால அவங்க கால் விரல் நுனியை ஒண்ணு ரெண்டு செகண்ட் லேசா தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க, தடவாதீங்க. தொட்டது தெரிஞ்சா "வலது" அல்லது "இடது"ன்னு சொல்லணும்.

37/
வரிசை: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு. ஒவ்வொண்ணையும் ஒரே தடவைதான் தொடணும். தெரியலேன்னா திரும்பத் தொட்டு "இப்பத் தெரியுதா"ன்னு கேக்கக் கூடாது.

ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலேன்னா, உணர்ச்சி குறைஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்க வண்டி ஓட்டுறவங்கன்னா அதையும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவர் கேக்க மறந்துடலாம். நான் மறந்தேன்.

38/
சக டாக்டர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை ஃபார்ம் 1ஏ-ல கையெழுத்துக் கேட்டு வர்றவருக்குச் சர்க்கரை இருந்தா, செருப்பைக் கழட்டச் சொல்லுங்க. என் மேசையில இப்ப சீல் பக்கத்துலயே மோனோஃபிலமென்ட்டை வச்சிருக்கேன். அதை எடுக்காம சீலை எடுக்க முடியாத மாதிரி.

கார் சண்டையை நாளைக்கு வச்சுக்கலாம். முதல்ல போய் அப்பாவோட சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்க.